வீடு திரும்பும் இருதய நோயாளர்

இருதய நோயால் வைத்தியசாலையில் இருந்தவர் வீடு திரும்பும் நாளில் முற்றம் நிறைய உறவினர் கூடுவர். கண்டம் கடந்ததென்று எல்லோரும் ஆறுதலடைவர். ஆயினும், வேளை தவறாது மாத்திரை கொடுத்தவரும், நாடித்துடிப்பை எண்ணியவரும், கால் வீங்கியுள்ளதா என்று அழுத்திப் பார்த்தவரும் விடுதித் தாதியே. அவர் நோயாளியுடன் வீட்டுக்கு வருவதில்லை. அன்றிரவு முதல் அப்பணி மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழுகிறது. அவள் கையில் இருப்பது மாத்திரைப் பொதியும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் அட்டையுமே.

அவள் செய்யும் முதற் பிழை அன்பினால் விளைவது. நோயாளியைக் கட்டிலை விட்டு இறங்கவிடாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு காலத்தில் வைத்தியர்களே மாரடைப்புக்குப் பின் வாரக்கணக்கில் படுக்கையை விதித்தனர். 1952இல் பொஸ்ரன் நகரில் லெவின், லவுன் என்னும் வைத்தியர் இருவர், நோயாளரை நாள் சில கழியுமுன்பே நாற்காலியில் அமர்த்தியும் தீங்கு விளையவில்லை என எழுதினர். 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், மறு ஆண்டு தேர்தலில் வென்று மீண்டும் பதவியேற்றார். இன்று, வைத்தியர் குறித்த அளவில் நாளுக்கு நாள் சற்றுக் கூட்டி நடப்பதும் சிகிச்சையே.

இருதயம் பலவீனமுற்றவருக்கு நிறைத் தராசு இன்றியமையாதது. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், ஒரே தராசில் நிறுத்துக் கொப்பியில் குறிக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், 'உடம்பு தேறிவிட்டது' என்று மகிழ்வதற்கில்லை. பெரும்பாலும் அது உடலில் தேங்கிய நீர். உடனே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் அந்நீரைத் தேக்கும் உப்பின் களஞ்சியங்கள். வாய்க்கு ருசியில்லை என்று அவர் கேட்கும்போது மறுப்பது கடினந்தான்.

சுகம் கண்டதும் மாத்திரையை நிறுத்துவோர் உளர். இருதய நாடியில் 'ஸ்டென்ட்' எனும் வலைக்குழல் பொருத்தப்பட்டவர், குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தாமே நிறுத்தினால், அக்குழலே அடைபடக்கூடும்.

நெஞ்சுவலி எழுந்தால் அவரை உட்காரவைத்து, வைத்தியர் தந்த மாத்திரையை நாவின் கீழ் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில், அயலவரின் வாகனத்தைத் தேடாது 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தல் நன்று. 2016இல் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை அது.

இவற்றை அம்மனைவிக்குச் சொல்வது யார்? விடுதியை விட்டுப் புறப்படுமுன் தாதியொருவர் அவளை அருகிருத்தி, எந்த மாத்திரை எவ்வேளைக்கு என்று அவள் வாயாலேயே சொல்லச் செய்யக் கால் மணி நேரம் போதும். நோயாளர் நிறைந்த விடுதியில் அந்தக் கால் மணி நேரந்தான் கிடைப்பதில்லை. கிடைக்காவிடில், அவள் கேட்டாவது பெறவேண்டும்.