மனக்காயத்துக்கு எந்தக் கணக்கில் பணம்?

(ஆம்பூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கவிதை எழுதுகிறவன். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் எழுத்தர். இன்றைக்குக் கவிதை வாசிக்கப் போவதில்லை. கணக்குப் பேசப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு அக்கா வந்தாங்க. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. வன்கொடுமை வழக்கில் வந்த நிவாரணப் பணத்தை எடுக்க வந்திருந்தாங்க. வழக்கம்போல நான் கவுண்டரிலிருந்து சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோரம் போய் ஒண்டிக்கிட்டாங்க. அப்புறம் மெல்ல வந்து சொன்னாங்க: "அப்படிக் கூப்பிடாதீங்க சார். அன்னிக்கு ராத்திரியும் பேர் சொல்லிக் கூப்ட்டுகினேதான் வந்தானுங்க."

ரெண்டு வருசமாத் தூக்கம் இல்லையாம். காத்து சேட்டை என்று தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரிச்சிருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "வேலூர் போய்வர ஒரு நாள் கூலி போவுது சார். வந்த பணம் கடனுக்கே சரியாப் போச்சு" என்றாங்க.

அன்று இரவு நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ல் வந்தது, விதிகள் 1995ல். 2015ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2016 சனவரி 26 முதல் திருத்தம் நடப்பில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்றால் யார் என்பதற்கு அதில் ஒரு விளக்கம் உண்டு. உடலுக்கு, மனதுக்கு, உளவியலுக்கு, உணர்வுக்கு, பொருளுக்கு, சொத்துக்கு, இதில் எதற்குக் கேடு வந்தாலும் அவர் பாதிக்கப்பட்டவர். நல்ல விளக்கம்தான்.

ஆனால் பணம் பேசுகிற பக்கத்துக்கு வாருங்கள். 2016ல் திருத்திய விதிகளில் நிவாரணப் பட்டியல் ரூ.85,000ல் தொடங்கி ரூ.8,25,000 வரை போகிறது. தமிழ்நாடு அரசு பின்னர் இதைக் கூட்டிக் கொடுத்தது. கொலைக்கு இவ்வளவு, வன்புணர்ச்சிக்கு இவ்வளவு, இழிவுபடுத்தியதற்கு இவ்வளவு, ஊனத்துக்குச் சதவீதப்படி இவ்வளவு என்று இருக்கிறது. விதி 11 இன்னும் நுணுக்கமானது. மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, இரத்தம், மாற்றுத் துணி, சாப்பாடு, பழம் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பழத்துக்குப் பெயர் இருக்கிறது. மனநல சிகிச்சைக்குப் பெயர் இல்லை.

பெயரில்லாத செலவுக்கு எந்தக் குமாஸ்தாவும் கையெழுத்துப் போட மாட்டான். நானே போட மாட்டேன். அரசு எந்திரத்தின் சாதி கோபமாக மட்டும் வெளிப்படுவதில்லை. காலியாக விட்ட ஒரு கட்டத்திலும் இருக்கும்.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். 2015 முதல் நிர்பயா நிதியில் நடக்கும் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில் உளவியல் ஆலோசனை உண்டு. பெண்களுக்கான 2018ஆம் ஆண்டு தேசிய இழப்பீட்டுத் திட்டம், மறுவாழ்வு தேவைப்படும் மனக்காயத்துக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் சேரி தாக்கப்படும்போது அடி ஒரு ஆளுக்கு மட்டும் விழுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, தப்பி ஓடிய அண்ணன், ஒளிந்துகிடந்த பாட்டி, எல்லோருக்கும் விழுகிறது. சாதி கூட்டமாக வந்து அடிக்கிறது. சிகிச்சையை மட்டும் தனித்தனி ஆளாகப் போய்த் தேடிக்கொள் என்கிறார்கள்.

இங்கே சில தோழர்கள் கேட்கலாம்: "சாதி என்ன வியாதியா, மாத்திரை கொடுக்க? போராட வேண்டியவனைப் படுக்க வைக்கிறாயா?" நியாயமான கேள்வி. வியாதி அடித்தவனிடம் இருக்க, அடிபட்டவனை நோயாளி ஆக்குகிற ஆபத்து உண்டுதான். "மறந்துடும்மா, அனுசரிச்சுப் போ" என்கிற ஆலோசனை நமக்கு வேண்டாம். ஆனால் வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 சூன் 20ல் கொடுமை நடந்தது. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29ல். அதை உறுதிசெய்து, வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 செப்டம்பர் 29ல். 31 வருசம்! அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சாட்சி சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. அப்படிச் சங்கம் இல்லாத ஊரில் தூக்கமில்லாத ஒரு பெண் கூண்டில் எத்தனை நாள் நிற்பாள்? அவள் தடுமாறினால் பிறழ்சாட்சி என்று எழுதிவிடுவார்கள். குற்றவாளி வீட்டுக்குப் போய்விடுவான். மனசைத் தாங்கிப் பிடிப்பது வழக்கைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

நம்ம பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஆகஸ்டு 28ல் உச்சநீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் சொன்னது: கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டும், கேட்டை மதிப்பிட ஓர் ஆணையம் வேண்டும். அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆற்றுக்கும் மண்ணுக்கும் வந்த கேட்டை அளக்க முடியும் என்றால், அந்தத் தோலை ஊறவைத்தும் தைத்தும் வாழ்கிறவர்களுக்கு வந்த கேட்டையும் அளக்கலாம்.

ஆகவே கேட்போம். ஒன்று, விதி 11ன் 'சிறப்பு மருத்துவ ஆலோசனை'யில் மனநல சிகிச்சையும் அடங்கும் என்று அரசு எழுத்தில் ஆணையிட வேண்டும்; போய்வரும் செலவும் போகிற கூலியும் சேர்த்து. இரண்டு, விதி 15ன்படி மாநிலம் வகுக்க வேண்டிய திட்டத்தில் மருத்துவ வசதி இருக்கிறது. அதில் மனநலத்துக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நடத்தும் செலவில் மத்திய அரசும் பாதி தருகிறது. காசில்லை என்கிற பேச்சு செல்லாது. மூன்று, மருத்துவக் குழு சேரிக்கு வர வேண்டும். ஆண், பெண், குழந்தை எல்லோரையும் பார்க்க வேண்டும்.

ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி 17. திருப்பத்தூரில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இங்கே இருக்கிற மாணவர்கள் நாளைக்கே போய்க் கேளுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அந்த அக்கா இப்போதும் வருகிறாங்க. நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று சொல்கிறேன். ஒரு குமாஸ்தாவால் ஆனது அவ்வளவுதான். மிச்சத்தை அரசிடம் கேட்டு வாங்குவோம்.