பானெட்டைத் திறந்து பாருங்கள்

(சென்ற ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ இருபது நிமிஷம் பேசணும். டெக்னிக்கலா இருக்கட்டும், ஆனா யாரையும் தூங்க வச்சிடாதே" என்று சொன்னார். நான் பம்ப் டிசைன் செய்கிறவன். அதைப் பற்றிப் பேசினால் தூக்கம் நிச்சயம். அதனால் நம் எல்லோர் வீட்டு வாசலிலும் நிற்கிற ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கார். அதிலும் காருக்குள் ஓடுகிற எண்ணெய், தண்ணீர் சமாச்சாரம் மட்டும்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் என்கிற தகுதிதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 டிசம்பர். அப்பா, அம்மா, மனைவி, நாலு வயது மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போனோம். அறப்பளீசுவரர் கோயில் தரிசனம் முடித்து மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு என்பது இங்கே இருக்கிற சேலம், நாமக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி 2012 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கினது. நான் மூணாவது கியரில் போட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அப்பா. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, ஏறின கியர்லதான் இறங்கணும். குறைச்சுக்கோ" என்று இரண்டு தடவை சொன்னார். "இது பஸ் இல்லப்பா, சின்ன வண்டி" என்றேன். மெக்கானிக்கல் என்ஜினியர் அல்லவா!

பாதி மலை இறங்கியிருப்போம். கருகின வாசனை வந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பஞ்சை மிதிக்கிற மாதிரி பெடல் அடி வரைக்கும் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை.

அப்பாதான் "செகண்ட் போடு, ஃபர்ஸ்ட் போடு" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். நான் பெடலை அடித்து அடித்து மிதித்தேன். வண்டியை மலைப் பக்கம் ஒடித்து, பாறையில் உரசி, ஓடைக்குள் ஒரு சக்கரம் இறங்கி நின்றோம். இடது பக்கக் கதவு இரண்டும் போயிற்று. ஆளுக்குச் சேதம் இல்லை. அந்தப் பக்கம் பள்ளமாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்த மேடையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் சரியாக இருந்தது! இன்னொரு விசித்திரம், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மேக்ஸ் கோட்டில் நின்றது. நான் அதை மாதா மாதம் பார்க்கிறவன், கொஞ்சம் குறைந்தால் உடனே ஊற்றுகிறவன். மறுநாள் நாமக்கல்லில் ஒரு மெக்கானிக் பழைய ஆயிலை வடித்துக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் காட்டினார். வரக்காப்பி நிறம். "சார், அளவு சரியாத்தான் இருக்கு. ஆயில் செத்துப் போச்சு" என்றார். ஏழு வருஷத்து ஆயில். யாரும் மாற்றவே இல்லை, நானும் சேர்த்து.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. கிளைகால் வகைத் திரவம். அதற்குக் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. டப்பாவின் மூடி வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். புது டாட் 3 திரவம் குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே விதி 140 டிகிரியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் டிஸ்க் முந்நூறு டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூடு காலிபருக்குள் போய்த் திரவத்தைக் கொதிக்க வைக்கிறது. கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம் என்று நாம் முதல் வருஷம் படித்தோமே, அதேதான். நான் மிதித்த மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதற்கே சரியாகப் போயிற்று. ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாகிவிட்டது, பெடலும் சரியாகிவிட்டது. இப்படி ஆறின பிறகு "ஒண்ணுமில்லை, சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அடுத்த வளைவில் மறுபடியும் அதுவே நடக்கும்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு. பேடு சூடேறிப் பிடிமானம் போயிருக்கிறது. பெடல் மெத்தென்று அடியில் போனால் திரவம் கொதித்திருக்கிறது, இல்லை ஒழுகியிருக்கிறது.

ஆகவே பிரேக் ஆயிலில் அளவை விட வயசு முக்கியம். பல கம்பெனிகளின் கையேட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லித்தான் போட்டிருக்கு. நாம் கையேட்டைக் கவர் பிரிக்காமல் டேஷ்போர்டில் வைத்திருக்கிறோம். அளவு மெல்லக் குறைந்தால் பேடு தேய்கிறது என்று அர்த்தம். அப்போது ஆயில் ஊற்றி நிரப்புவது, காய்ச்சல்காரனை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உதறி வைப்பது போல. பேடைப் பாருங்கள். திடீரென்று குறைந்தால் ஒழுகல். வண்டியை எடுக்கவே கூடாது. மூடி திறந்து மிச்சம் வைத்த பாட்டிலை அடுத்த வருஷம் ஊற்றாதீர்கள், அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை அந்த டப்பாவில் ஊற்றின ஒரு புண்ணியவானை எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக் சிஸ்டத்தையும் மாற்றினார்.

இனி கூலன்ட். ரேடியேட்டரும் வீட்டு குக்கரும் ஒரே ஜாதி. மூடியில் இருக்கிற ஸ்பிரிங், உள்ளே சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் நூற்றிருபது வரை தாங்குகிறது. வெயிட்டை எடுக்காமல் யாராவது குக்கரைத் திறப்பார்களா? ஆனால் ரோட்டோரம் புகை விடுகிற வண்டியின் மூடியைத் துணியைச் சுற்றித் திருகுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் போன அந்த நொடியே உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற வரை, அரை மணியோ ஒரு மணியோ, மூடியைத் தொட வேண்டாம். காய்ந்த என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை விரிசல் விட வைக்கவும் வேண்டாம்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணியே போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. உறைவது நமக்குப் பிரச்சினை இல்லைதான். துருவும் உப்பும்தான் பிரச்சினை. நம் போர் தண்ணீர் கெட்டிலின் அடியில் என்ன பூச்சு பூசுகிறதோ, அதையே ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் பூசும். கூலன்டில் இருக்கிற துருத்தடுப்பு மருந்துக்காகவே அதை ஊற்ற வேண்டும். கலப்பதானால் டிஸ்டில்ட் வாட்டர். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்கு எந்தத் தரமும் கிடையாது. கையேட்டில் சொன்ன வகையை வாங்குங்கள். ஒன்று மறக்காதீர்கள், அது விஷம். இனிப்பாக இருக்கும். குழந்தை, நாய் கைக்கெட்டாமல் வையுங்கள்.

என்ஜின் ஆயில் பார்ப்பது சுலபம். சமமான தரை, என்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம், டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருந்தால் போதும். மேக்ஸுக்கு மேல் ஊற்றுவது தர்மம் ஆகாது, கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். கறுத்துப்போனதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், டீசல் வண்டியில் மாற்றின சில நாளிலேயே கறுத்துவிடும். பால் விட்ட டீ நிறமாக இருந்தால் பயப்படுங்கள். கூலன்ட் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். அழுத்தம் இல்லாமல் ஓடின சில நிமிஷமே என்ஜினைக் கட்டப் போதும்.

இங்கே மூத்த அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் அமெரிக்காவில், வண்டி போர்டிகோவில், வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறோம், "ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலையே, எதுக்கு சர்வீஸ்" என்று நினைப்பீர்கள். சின்னச் சின்ன ஓட்டத்தில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷம் ஆனால் மாற்றுங்கள்.

மற்றவை சில்லறை. பவர் ஸ்டீயரிங் இப்போது பெரும்பாலும் மின்சாரம், ஆயிலே கிடையாது. தேடிக் களைக்க வேண்டாம். பல வண்டிகளில் கிளட்சும் அதே பிரேக் டப்பாவிலிருந்துதான் குடிக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள் சிலவற்றில் யூரியா கரைசலுக்குத் தனித் தொட்டி உண்டு. தீர்ந்தால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது, டீசல் தொட்டியில் மாற்றி ஊற்றினால் செலவு பெரிசு. எலெக்ட்ரிக் கார் வாங்கினவர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் பிரேக் ஆயில் உண்டு. பல வண்டிகளில் பாட்டரிக்குக் கூலன்டும் உண்டு, அதுவும் கம்பெனி சொன்ன வகைதான்.

அப்பா பஸ் ஓட்டின காலத்தில் விடிகாலையில் டார்ச் அடித்து ஆயில், தண்ணீர், பிரேக் மூன்றும் பார்க்காமல் சீட்டில் ஏற மாட்டார். சின்ன வயதில் அவரோடு டிப்போவுக்குப் போய் அதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். கொல்லிமலைக்குப் பிறகு அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் இன்றுவரை நான் வண்டியை எடுத்தால், ஏறுவதற்கு முன் முன்பக்கம் போய் நின்றுகொள்வார். நான் பானெட்டைத் திறந்து காட்டின பிறகுதான் ஏறுவார்.

சாப்பாடு முடிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலுள்ள வேப்ப மரத்தடியில் டார்ச்சும் பழைய பனியன் துணியும் வைத்துக்கொண்டு நிற்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பானெட் லிவர் எங்கே என்று தெரியாதவர்களும் வரலாம், வெளியே சொல்ல மாட்டேன். ஒரே வேண்டுகோள், வண்டியை இப்போதே நிழலுக்கு மாற்றி நிறுத்திவிடுங்கள். ஆறினால்தான் மூடியைத் திறக்க முடியும்.