இஸ்லாமிய நாகரிகமும் பட்டப் படிப்பும்

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களுக்கிடையே வளர்ந்த மாணவன் ஒருவன், பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய நாகரிகம் பயில விரும்புவதாக வீட்டிற் கூறினால் என்ன நிகழும்? தந்தையார் திகைப்பார், அயலவர் நகைப்பர். "சைவப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு?" என்பது முதல் வினா. "படித்து முடித்தால் உத்தியோகம் உண்டா?" என்பது இரண்டாவது வினா. இரண்டும் நேர்மையான வினாக்களே. ஆதலால் நேர்மையான விடையும் அவற்றிற்கு வேண்டும்.

முதலில், இப்படிப்பு யாது என்பதைத் தெளிதல் நன்று. மௌலவிமாரை உருவாக்கும் மதரஸாக் கல்வி வேறு. பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு வேறு. முன்னையது சமயப் பணிக்கு ஒருவரை ஆயத்தஞ் செய்வது. பின்னையது திருக்குர்ஆன் விளக்கம், நபிமொழி, சட்டவியல், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றை ஆராய்ச்சி நெறியில் நின்று கற்பிப்பது. இப்னு ஸீனாவின் மருத்துவமும் தத்துவமும், அரசுகள் எழுந்து வீழ்வதன் காரணத்தைத் தேடிய இப்னு கல்தூனின் வரலாற்றுச் சிந்தனையும் அதன் எல்லைக்குள் அடங்கும். இதனைக் கற்பவர் தம் சமயத்தை விடவேண்டுவதில்லை. பிறர் சமயத்தை ஏற்கவேண்டுவதுமில்லை. அறிந்துகொள்ளும் பொறுமையே வேண்டுவது.

யாழ்ப்பாணத்து மாணவனுக்கு இதில் உரிமையும் உண்டு. 1344ஆம் ஆண்டளவில் யாத்திரிகர் இப்னு பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. அம்மன்னன் பாரசீக மொழியை விளங்கிக் கொண்டான் என்று யாத்திரிகர் எழுதிவைத்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பிய அவருக்குத் துணையாக, யோகியரையும் பிராமணரையும் மன்னன் அனுப்பிவைத்தான். யாழ்ப்பாண அரசைப் பற்றிய இந்த அரிய சான்று அரபு நூலொன்றிலன்றோ இருக்கிறது! அம்மொழியை அறியாதார் தம் சொந்த வரலாற்றின் ஓர் ஏட்டையும் பிறர் வாசித்துச் சொல்லவே கேட்கவேண்டியவராவர்.

இனி, உரும்பிராயிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத வண்ணார்பண்ணையை நோக்குக. அங்கே 1911இல் பிறந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்ற இந்த முஸ்லிம் மாணவர், பின்னர் சிவில் சேவையிற் சேர்ந்தார். கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் அரபுத் துறை தோன்றிய காலத்தில் அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில், வறிய மாணவருக்காக முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் நிறுவினார். சைவர் நடத்திய பள்ளிகள் ஒரு முஸ்லிம் அறிஞரை நாட்டுக்கு அளித்தன. அவர் மறைந்தபின், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. மறுதலையாக, சுவாமி விபுலாநந்தரிடம் தமிழ் கற்ற ம. மு. உவைஸ், முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டினை ஆராய்ந்து 1953இல் நூலாக வெளியிட்டார். கல்வி இவ்வாறு இரு திசையிலும் நடந்த காலம் அது.

அக்காலம் நிலைக்கவில்லை. 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் ஆணையால், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வீடு வாசல் விட்டு வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அகற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கும் அதிகமாவர். அஸீஸ் பிறந்த வண்ணார்பண்ணையின் முஸ்லிம் தெருக்களும் வெறுமையாயின. போருக்குப் பின் ஒரு பகுதியினர் மீண்டனர். ஆயினும் பழைய அயலுறவு தானாக மீண்டு வந்துவிடாது. அடுத்த வீட்டான் எதை நம்புகிறான், எதைப் படிக்கிறான், எதற்காக நோன்பிருக்கிறான் என்பதை அறியாத இடத்தில் ஐயம் எளிதில் வேரூன்றும்.

உத்தியோகம் பற்றிய வினா எஞ்சி நிற்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் ஒரு பாடமாதலால் ஆசிரியப் பணிக்கு வழியுண்டு. பேராதனையிலும், 1995இல் தொடங்கப்பெற்று ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் மேற்கொண்டு ஆராய இடமுண்டு. ஆயினும், எந்தக் கலைப் பட்டமும் உத்தியோகத்துக்கு உறுதிச்சீட்டன்று. அரபு மொழியும் ஓரிரு ஆண்டுகளில் கைவந்துவிடாது. இவற்றை மறைத்து மாணவனை ஊக்குதல் தகாது.

இவ்வளவும் அறிந்தபின்னும் உரும்பிராய் மாணவன் அவ்வழியே செல்ல விரும்பின், தந்தையார் அவனைத் தடுக்காதிருத்தலே நன்று. இந்துக் கல்லூரி வாயில் அன்று அஸீஸுக்குத் திறந்திருந்தது. அவ்வாயிலில் நுழைந்தவர் அடைந்த பயனை நாடே அறியும்.