பறைக்குப் பக்கத்தில் கித்தார்

(சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2018 ஜனவரி 6ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் ஓர் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. மொத்தம் 19 பேர். பறையும் சட்டியும் கட்டமோளமும் முழங்கின. அவற்றுக்குப் பக்கத்திலேயே கித்தாரும் டிரம்ஸும் ஒலித்தன. குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றோர் கூட்டு. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017-ல் இக்குழுவை உருவாக்கினார்கள். இதன் உயிர் எது? கானா! வடசென்னை உழைப்பாளி மக்கள் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு. "குப்பத்துப் பாட்டு" என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கானாவில் இட ஒதுக்கீட்டின் நியாயத்தைப் பாடினார்கள். மாட்டுக்கறி உண்பவன் ஏன் தலைகுனிய வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணல் அம்பேத்கரைப் பாடினார்கள்.

ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி என்ற இளம்பெண் அந்த மேடையில் பாடினார். 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. நம் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' ராப் குழுவைச் சேர்ந்தவர்களும் அந்தக் குழுவில் பாடினார்கள்.

அரக்கோணத்து இளைஞர் அறிவு, இக்குழுவின் பாடலாசிரியர்களில் ஒருவராக அறிமுகமானவர். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. நட்டு வளர்த்தவர்களுக்கு நிலம் இல்லை! அந்த வேதனைதான் 2021-ல் அறிவு எழுதி, தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' பாடலில் ஒலித்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு அந்தப் பாட்டு அந்நியமா?

தோழர்களே, இதை நாம் இங்கே பேசக் காரணம் உண்டு. நமது பொங்கல் விழாவில் பறை வேண்டாம், அது சாவு மேளம் என்று நம்மிடையே ஒரு குரல் எழுந்திருக்கிறது. ரயிலேறி இத்தனை தூரம் வந்த நாம், மூட்டைக்குள் எதைக் கட்டிக்கொண்டு வந்தோம்? இங்கே ஆலையிலும் கட்டடத்திலும் நம்மை யாரும் சாதி பார்த்து அழைப்பதில்லை. 'மதராஸி' என்றுதான் அழைக்கிறார்கள். நமக்குள் மட்டும் ஊர்த்தெரு எதற்கு?

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரிலே பறையடிப்பது ஒரு சாதியார்மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலை. "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தவர்கள் மானம் காத்தவர்கள். இன்று தாமே விரும்பி அதைத் தோளில் மாட்டும் இளைஞர்களும் மானத்துக்காகவே மாட்டுகிறார்கள். ஆகவே, விழாவில் பறை உண்டா இல்லையா என்று மட்டும் முடிவு செய்தால் போதாது. அதை அடிக்கப்போவது யார்? பழையபடி ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் அழைத்து அடிக்கவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்து ரசிப்பதானால், அது பழைய ஊர்தான்; புதிய விழா அல்ல.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை இது: பொங்கலுக்கு முன் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் பறை வகுப்பு நடக்கட்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும், பெண் குழந்தைகள் உட்பட, வரட்டும். கற்றுத் தருபவருக்கு உரிய ஊதியத்தைச் சங்கம் தரட்டும். முதல் பெயராக நம் வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதுவோம்!