மொத்தப் பணமும் மாதப் பணமும்

ஏழைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நினைக்கும் நாம் எல்லோரும் எவ்வளவு கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறோம். எப்போது, யார் கையில் கொடுக்கிறோம் என்பது அதைவிட முக்கியம் என்பது என் கட்சி. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து, முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பலருக்கு அதுவும் கைக்கு வரவில்லை. பிள்ளைகளை அங்கே அனுப்பிய பெற்றோரைத் திட்டுவது சுலபம். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் “எத்தனை பவுன் போடுவீங்க?” என்ற கேள்வி ஓயாத ஊரில் அவர்களுக்கு வேறு கணக்குத் தெரியவில்லை. அரசே நெடுங்காலம் கல்யாணத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டது. 1989-ல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், பெண் படித்திருக்க வேண்டும் என்று நல்ல நிபந்தனை வைத்தாலும், பணத்தைக் கல்யாணத்தை ஒட்டியே கொடுத்தது. 2022-ல் அது ‘புதுமைப் பெண்’ ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடத் தொடங்கினார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயர் இப்போதுதான் திட்டத்துக்குப் பொருந்துகிறது.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்பார்கள். பரீட்சைக் கட்டணம், நாப்கின், போன் ரீசார்ஜ் ஆகும். இவற்றுக்காக வீட்டில் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் “படிச்சது போதும்” என்று சொல்ல ஒருவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறதே, அது குறையும். படித்தால் கல்யாணம் தள்ளிப்போகும் என்றால், வசதியான வீட்டுப் பெண்தான் படிக்கிறாள், அந்த வசதியால்தான் அவளுக்குத் தாமதமாகக் கல்யாணம், படிப்புக்கு இதில் பங்கில்லை என்பது இன்னும் கனமான வாதம். ஆனால் பீகாரில் 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தபோது வீடுகளின் வறுமை அப்படியேதான் இருந்தது. ஆனாலும் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்கள் ஏறத்தாழ 32 சதவீதம் கூடினார்கள் என்று கார்த்திக் முரளீதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வு காட்டியது. பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். வறுமை ஒழியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வழியில் இருக்கும் ஒரு தடையை எடுத்தாலே பிள்ளை பள்ளிக்குப் போகிறாள்.

படித்தவளுக்கு மாப்பிள்ளை தேடுவது கஷ்டம், வரதட்சணையும் ஏறும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வயதில் வாயடைத்துப் போகிறவள் இருபத்தொன்றில் தன் கல்யாணப் பேச்சில் தானும் ஒரு வார்த்தை பேசுவாள். பட்டத்துக்கு ஏற்ற வேலை எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதனால்தான் நர்சிங், பாலிடெக்னிக் போன்ற படிப்புகளை முன்னே வைக்கச் சொல்கிறேன். பத்தாவது ரிசல்ட் வரும் மே மாதத்திலேயே உதவி தொடங்கட்டும். விடுதிக் கட்டணம் விடுதிக்கும், கைச்செலவுப் பணம் மாதாமாதம் அவள் கணக்குக்கும், படிப்பு முடியும்வரை போகட்டும்.