இரும்புக் கூட்டில் எழுந்த விடுதி

மும்பையின் கோட்டைப் பகுதியில், காலா கோடாவை அடுத்து நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷன் என்ற பழங்கட்டடம், ஜான் வாட்சன் என்னும் ஆங்கிலேயத் துணி வணிகரால் 1860களில் கட்டப்பட்டு, வாட்சன் விடுதி என்ற பெயரில் நகரின் செல்வச் செழிப்புக்கு அடையாளமாக விளங்கியது. அதை வடிவமைத்த ரோலண்ட் மேசன் ஆர்டிஷ், லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் மாபெரும் கூரைப் பணியிலும் பங்கேற்ற பொறியாளர்.

அக்காலத்து மாளிகைகளில் தளங்களின் பாரத்தையும் கூரையின் பாரத்தையும் கனத்த சுவர்களே சுமந்தன. கட்டடம் உயர உயர அடிச்சுவரும் தடித்தாக வேண்டியிருந்தது. வாட்சன் விடுதியிலோ, உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி ஆக்கும் வார்ப்பிரும்புத் தூண்களும் இரும்பு உத்தரங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு ஒரு கூடாக நின்று முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொண்டன. தூண்களுக்கு இடையே எழுப்பிய செங்கல் சுவர்கள் வெறும் மறைப்பாகவே அமைந்தன. இன்றைய அடுக்குமாடிக் கட்டடங்களின் அடிப்படைத் தத்துவமும் இதுவேயாகும். உயர்மாடங்களின் முன்னோடியாகப் போற்றப்பட்ட சிகாகோ ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் 1885இல்தான் நிறைவுற்றது என்பதையும், அது 1931இல் இடிக்கப்பட்டது என்பதையும் எண்ணும்போது, மும்பைக் கட்டடத்தின் அருமை தெளிவாகும். இரும்பு உறுப்புகள் யாவும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, கப்பலில் வந்து, இங்கே பொருத்தப்பட்டன.

ஏறத்தாழ 130 அறைகள் கொண்ட அவ்விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் அகன்ற திறந்த மாடங்கள் நீண்டன. கண்ணாடிக் கூரை வழியே பகலொளி இறங்கும் கூடமும் இருந்தது. 1896இல் மும்பைக்கு வந்த எழுத்தாளர் மார்க் ட்வைன், விடுதி மாடத்தில் வந்தமர்ந்து ஓயாமல் கரைந்த காக்கைகளைப் பற்றித் தம் பயண நூலில் விரிவாக எழுதினார். அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள், லூமியே சகோதரர்களின் அசையும் படங்கள் இங்கேதான் திரையிடப்பட்டன. இந்தியத் திரைப்பட வரலாறு அந்நிகழ்விலிருந்தே தொடங்குகிறது.

1903இல் தாஜ் மகால் விடுதி திறக்கப்பட்ட பின் வாட்சனின் புகழ் மங்கியது. 1960களில் விடுதி மூடப்பட்டு, அறைகள் சிறுசிறு தடுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, நீதிமன்றங்கள் அருகில் இருந்ததால் பெரிதும் வழக்கறிஞர்களின் அலுவலகங்களாக வாடகைக்கு விடப்பட்டன. பாரம் தாங்காத சுவர்களை விருப்பம்போல் எடுக்கவும் வைக்கவும் முடிந்தது இம்மாற்றத்தை எளிதாக்கியிருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் உறைந்துபோன சொற்ப வாடகை, இத்தகைய பழங்கட்டடங்களின் பராமரிப்புச் செலவுக்கு ஈடாகவில்லை. கடலோர ஈரக்காற்றும் பருவமழையும் இரும்பை அரிக்க, 2005இல் மாடத்தின் ஒரு பகுதி சரிந்து உயிர்ப்பலி வாங்கியது. அதே ஆண்டு, உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையிலுள்ள சின்னங்களின் பட்டியலில் இதனையும் சேர்த்தது.

2019இல் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். செப்பனிட இயலாத நிலையில் உள்ளதால் இடிப்பதே தகும் என்று ஐஐடி மும்பை வல்லுநர்கள் அறிக்கை அளித்தபோது, மரபுப் பாதுகாப்பாளர்கள் அதை வன்மையாக மறுத்தனர். மறுத்தோரின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளது: பிற்காலத் தடுப்புகளையும் சிதைந்த மாடங்களையும் அகற்றி, தூண்களையும் உத்தரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, பழுதானவற்றை மட்டும் வலுப்படுத்தவோ மாற்றவோ இடந்தருவது, உறுப்பு உறுப்பாகப் பொருத்தப்பட்ட இக்கட்டமைப்பின் இயல்பேயாகும்.