கவியின் மறைபொருளும் மாயக் கதையும்



கல்முனைக்கு வடக்கே கடலோரமாய் அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பேர்போன ஊர். அவ்வூரிலும் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் வழங்கிவந்த நாட்டார் பாடல்களைக் 'கவி' என்பர். பெரும்பாலும் நான்கடி கொண்டவை. இயற்றியோர் பெயர் அறியப்படாதவை. பாயிழைக்கும் பெண்களும் வயற்காவலில் இருந்த ஆடவரும் பாடி வளர்த்தவை.

பெரியோர் நிறைந்த வீட்டிலே குமர்ப்பெண் ஒருத்தி தன் உள்ளத்தைத் திறந்து கூறுதல் இயலுமா? ஆகவே அவள் கிளியை விளித்துப் பாடுகிறாள். அருகிருக்கும் உம்மாவின் காதுக்கு அது வெறும் பறவைப் பாட்டு. வேலிக்கப்பால் நிற்கும் மச்சானுக்கோ அதுவே தூதோலை. தொல்காப்பியர் 'உள்ளுறை உவமம்' என வகுத்த நெறியை, ஏடறியாப் பெண்கள் வாய்மொழியிலே பேணி வந்தனர்.

இத்தகைய பாடல் மாயக் கதை எழுதுவோருக்கு எவ்வாறு உதவும்? பின்லாந்து நாட்டு மருத்துவரான எலியாஸ் லொன்ரொட், ஊரூராய்ச் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டி, 1835 இலும், பின் விரிவாக்கி 1849 இலும் 'கலேவலா' என்னும் காவியமாக வெளியிட்டார். அதில் வரும் குல்லர்வோ என்பானின் அவலக் கதையில் மனம் பறிகொடுத்த ஆங்கில எழுத்தாளர் டோல்கீன், அதனை வித்தாகக் கொண்டே தம் மாய உலகின் தூரின் கதையைப் படைத்தார்.

மருதமுனை இளைஞர் ஒருவர் அவ்வாறு எழுதப் புகுந்தால், கிளியைப் பேசவைப்பது மட்டும் போதாது. கவியின் விதியே கதையின் விதியாதல் வேண்டும். நேராகக் கூறிய சொல் காற்றில் அழிந்துவிடும், மறைத்துக் கூறிய சொல்லே உரியவரைச் சேரும் என்றொரு நாட்டைக் கற்பனை செய்க. அங்கே தறியில் அமர்ந்த தங்கை, வரவிருக்கும் ஆபத்தைத் தமையனுக்கு உணர்த்தல் வேண்டும். சேலைக் கரையில் அவள் நெய்த நாரையின் பொருள் அவனுக்கு விளங்குமா? விளங்காவிடின் ஊரே அழியும். இங்கே மாயம் கதைக்கு உயிராகிறது.

ஆயினும், திறவுகோல் தொலைந்தபின் பூட்டினால் பயன் யாது? அச்சேறிய நூலில் நான்கடியும் கிடைக்கும். எவர் கேட்க எதனை மறைத்தனர் என்பதோ பாடிய மூதாட்டியின் நினைவிலேயே இருக்கும். 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கியபோது, மருதமுனைக் கரையில் ஒரே காலைப்பொழுதில் எத்தனை உயிர்கள் மறைந்தன! அவர்கள் நெஞ்சோடு மறைந்தவற்றை எந்த நூலில் தேடுவது?

ஆதலின், எழுத விரும்பும் இளைஞர் முதலில் உம்மம்மாவின் பாயருகே அமர்ந்து, "இந்தக் கிளி யார்?" என்று கேட்கட்டும். பெறும் விடையை, பாடிய இடமும் வேளையும் சேர்த்துக் குறித்துவைக்கட்டும். கதையைப் பின்னரும் எழுதலாம். கேட்பதற்குக் காலம் தாழ்த்தலாகாது.